வார ஓய்வு: அரசாணையும் நிலையப் பட்டியலும்

கேள்வி: என் கணவர் தலைமைக் காவலர். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் திருவிழா, தலைவர்கள் வருகை, பந்தோபஸ்து என்று ஏதேனும் ஒரு காரணத்தால் அவருடைய ஓய்வு நாள் தள்ளிக்கொண்டே போகிறது. கேட்டால் ‘மெமோ’ வரும் என்று அஞ்சுகிறார். ஆணையை ஊரறிய வெளியிட்டும் எங்களுக்கு என்ன பயன்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: பயன் உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு வெளியிட்ட அந்த ஆணை, அதுவரை ஆய்வாளர் மனம் வைத்தால் கிடைத்துவந்த ஓய்வை உரிமை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால், யாருக்கு எந்த நாள் ஓய்வு என்பதை அரசாணை முடிவு செய்வதில்லை. காவல் நிலையத்தில் எழுதப்படும் அன்றாடப் பணிப் பட்டியல்தான் முடிவு செய்கிறது. அந்தப் பட்டியலை நிலையத்துக்கு வெளியே எவரும் பார்ப்பதில்லை. ஆணை வெளிச்சத்திலும் பட்டியல் இருட்டிலும் இருக்கும்வரை, ஓய்வு என்பது மீண்டும் கெஞ்சிப் பெறும் சலுகையாகவே மாறிவிடும்.

காவல்துறைக்கு இது புதிதன்று. அதிகாரிகளின் வீடுகளில் காவலர்கள் காய்கறி வாங்கவும் நாயை நடத்திச் செல்லவும் பணிக்கப்பட்ட ‘ஆர்டர்லி’ முறையைத் தமிழக அரசு 1979-இலேயே ஒழித்துவிட்டது. அப்படியிருந்தும் 43 ஆண்டுகள் கழித்து, 2022-இல், சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை மறுபடியும் ஒழிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. (ஒரே வழக்கத்தை இரண்டு முறை ஒழிக்க நேர்ந்தது என்றால், முதல் முறை ஒழிந்தது காகிதத்தில் மட்டுமே.) அத்தனை ஆண்டுகளும் ஆணை இருந்தது, அதைச் சுட்டிக்காட்டிப் பேசும் துணிவுதான் கீழ்நிலைக் காவலருக்கு இல்லை. பேசினால் ‘த்ரீ-பி’ எனப்படும், கடும் தண்டனைக்கு வழிவகுக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும், இல்லையேல் மறுநாளே ஆயுதப்படைக்கு மாற்றல் வரும் என்ற அச்சம் அங்கே பயிற்சிக் காலத்திலேயே ஊறிவிடுகிறது.

அந்த அச்சத்துக்குச் சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 1966-ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டத்தின்படி, உரிய அனுமதி இல்லாமல் காவலர்கள் தொழிற்சங்கம் அமைக்கவோ அதில் சேரவோ முடியாது. ஆனால் அனுமதி தரலாம் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஆர்டர்லி முறை இங்கே காகிதத்தில் ஒழிந்த அதே 1979-இல், கேரளத்தில் காவலர் சங்கம் உருவாகிவிட்டது. அங்கே சங்கம் கேட்பதை இங்கே காவலரின் மனைவி பத்திரிகைக்கு எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கணவர் கேட்க முடியாததை, குடிமகள் என்ற முறையில் நீங்கள் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் நான்காம் பிரிவு, ஊழியர்கள் பணியாற்றப் பயன்படும் விதிகள், அறிவுறுத்தல்கள், கையேடுகள் ஆகியவற்றை ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் கேளாமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. அதற்கு அப்பாற்பட்டதை 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு செய்து பெறலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் உட்கோட்டத்தின் எல்லா நிலையங்களிலும் கடந்த ஆறு மாதங்களில் தலைமைக் காவலர்களுக்கு மாதவாரியாக எத்தனை ஓய்வு நாட்கள் வழங்கப்பட்டன என்று, பெயர்கள் இல்லாமல், எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். ஒரே நிலையத்தைக் குறிப்பிட்டால் யார் வீட்டிலிருந்து மனு வந்தது என்று அன்று மாலையே கண்டுபிடித்துவிடுவார்கள். முடிந்தால் நண்பர் ஒருவரின் பெயரில் மனு செய்வது இன்னும் நல்லது.

கேள்வி: காவல்துறையின் உள் உத்தரவுகளை வெளியிட்டால் குற்றவாளிகள் உஷாராகிவிட மாட்டார்களா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: சிலவற்றில் ஆவார்கள், அதற்காகத்தான் விசாரணைக்குத் தடையாகும் தகவல்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவு விலக்கு அளிக்கிறது. நாளைய பந்தோபஸ்து ஏற்பாடு ரகசியமாகவே இருக்கட்டும். சென்ற மாதம் ஒரு ஏட்டுக்கு எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது என்பதை அறிந்து எந்தத் திருடனும் திட்டம் தீட்டப்போவதில்லை. 1996-இல் டி.கே.பாசு வழக்கில் கைது நெறிமுறைகளை வகுத்த உச்ச நீதிமன்றம், அவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கண்ணில் படும்படி எழுதி வைக்கச் சொன்னது. அடுத்த முறை நிலையத்துக்குப் போகும்போது, அந்தப் பலகை எங்கே இருக்கிறது, அதன் மேல் வேறு எது ஒட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.