தேர்தல் நோட்டீஸில் அச்சகத்தின் பெயர்தான் இருக்கிறதே, பணம் யார் கொடுத்தார் என்று வேறு எதற்குப் போட வேண்டும்?

அச்சகத்தின் பெயர் மட்டும் போதாது. நான் மயிலாடுதுறைப் பக்கம் பிரஸ் நடத்துகிறவன், அப்பா காலத்து டிரெடில் மெஷினிலிருந்து இன்றைய ஆப்செட் வரை இதுதான் பிழைப்பு. நீங்கள் அநேகமாக யாரோ ஒரு வேட்பாளருக்கு வேலை செய்கிறீர்கள், பிரஸ்காரர் படிவத்தை நீட்டியிருப்பார், அந்த எரிச்சலில் கேட்கிறீர்கள். எரிச்சல் நியாயம்தான். ஆனால் அந்தப் படிவம் இல்லாவிட்டால் உள்ளே போவது அவர்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ. நோட்டீஸ், போஸ்டர் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் அதன் மேலேயே இருக்க வேண்டும். வெளியிடுபவர் தான் இன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்த பிறகு அந்தப் படிவத்தின் ஒரு பிரதியையும் நோட்டீஸ் ஒன்றையும் நாங்கள் கலெக்டருக்கு அனுப்புகிறோம், சென்னை என்றால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. எத்தனை பிரதி, எவ்வளவு கூலி என்பதையும் எழுதித் தருகிறோம். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கூட்டம் எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று மட்டும் சொல்லும் பிட் நோட்டீஸுக்கு இது கிடையாது. அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு கூட்ட நோட்டீஸிலேயே எதிராளியைத் திட்டி நாலு வரி சேர்த்துக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள், அது செல்லாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சட்டமன்றத் தேர்தல் சமயம், பிரசாரம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, ராத்திரி ஷட்டரை இறக்கப் போன நேரத்தில் ஒரு பையன் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் பென் டிரைவ். "அண்ணே, பத்தாயிரம் வேணும், விடியறதுக்குள்ள. கீழ பேர் எதுவும் வேணாம், கூலி ரெண்டு மடங்கா தர்றோம்." திறந்து பார்த்தால் ஒரு வேட்பாளர் வீட்டுப் பெண்களைப் பற்றி வாயில் சொல்ல முடியாத எழுத்து. யாருக்காக என்று கேட்டேன். "அது உங்களுக்கு எதுக்குண்ணே, காசு கையில இருக்கு" என்றான். படிவத்தை எடுத்து வைத்தேன். போனில் யாரிடமோ பேசிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலை அதே நோட்டீஸ், பெயரே இல்லாமல், பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, ரேஷன் கடை வாசல் எல்லாம் கிடந்தது. போலீஸ் வந்து சுற்றுவட்டாரத்துப் பிரஸ்களையெல்லாம் அலசினார்கள். என் ஃபைலில் அந்தத் தேர்தலுக்கு அடித்த ஒவ்வொன்றுக்கும் படிவம் இருந்தது, புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அந்த ஃபைலைப் பற்றி எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. "வந்த வேலையை விட்டுட்டு நியாயம் பேசுறான்" என்று தொழில்காரர்களே சொன்னார்கள், இங்கேயும் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். எந்தக் கட்சி என்றும் கேட்காதீர்கள், எல்லாக் கட்சிக்கும் நான் அச்சடித்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பையன் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கிடைத்திருப்பது அவன் பெயர்தான். இரண்டு மடங்கு கூலி யார் பாக்கெட்டிலிருந்து வந்தது என்று 127ஏ படிவத்தில் ஒரு கட்டமும் கிடையாது. டி.வி. விளம்பரத்துக்கு உண்டு. 2004-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, டி.வி.யில் போடும் அரசியல் விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். தயாரிப்புச் செலவு, ஒளிபரப்புச் செலவு எவ்வளவு என்று அதில் எழுத வேண்டும். கட்சியோ வேட்பாளரோ இல்லாத வெளியாள் கொடுத்தால், இது எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆதாயமாக இல்லை, அவர்கள் பணமும் இல்லை என்று சத்தியப் பிரமாணம் வேறு. ஃபேஸ்புக்கும் 2019-லிருந்து இந்தியாவில் அரசியல் விளம்பரத்தின் மேல் யார் சார்பில் என்று போடச் சொல்கிறது, விளம்பர நூலகத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். அதிலும் ஏதாவது ஒரு பக்கத்தின் பெயரைப் போட்டுத் தப்பிக்கிறார்கள், இருந்தாலும் தேட ஓர் இடமாவது இருக்கிறது. எங்கள் ஊர் டீக்கடையில் கிடக்கும் தாளுக்கு அதுவும் இல்லை.

பணம் யாருடையது என்பது ஏன் முக்கியம் என்றால், வேட்பாளருக்குச் செலவு வரம்பு உண்டு, 2022-லிருந்து சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம். தன் கணக்கில் ஏறாமல் இருக்க அவர் செய்யக்கூடியது, வேறொருவர் பெயரில் அடிப்பதுதான். கட்சியின் பொதுப் பிரசாரத்துக்கோ வரம்பே இல்லை. தஞ்சாவூர்த் தொகுதியில் 2016 மே மாதம் பணப்பட்டுவாடாவால் தேர்தலையே நிறுத்தி, நவம்பரில்தான் நடத்தினார்கள், பக்கத்து மாவட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். பணத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று எங்களிடம் சொல்லாதீர்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சம்பந்தமில்லை என்றாலும். மயிலாடுதுறை - தரங்கம்பாடி ரயில் 1986-இல் நின்றது. நான் அச்சடிக்கிற வாக்குறுதி நோட்டீஸ்களில் கட்சி வித்தியாசம் இல்லாமல் அது வருகிறது, "மீண்டும் இயக்கப்படும்" என்று. பொறையாரிலிருந்து காலேஜுக்கு வரும் பிள்ளைகள் இன்னும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த வரிக்கு பிளேட் போடும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். இரண்டு சாட்சிகளையும் கையோடு கூட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போங்கள். பில் வேட்பாளர் பெயரிலேயே கேளுங்கள், செலவுக் கணக்கில் அதை ஏற்றச் சொல்லுங்கள். ஆதரவாளர்கள் யாராவது தாங்களாகவே அடித்துத் தருகிறோம் என்றால், வேட்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள். அப்படிச் செலவழிப்பதே குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவில் வருகிறது. உங்கள் பிரஸ்காரர் படிவமே கேட்காதவராக இருந்தால் வேறு பிரஸ் பாருங்கள்.