அம்மா வாயால் சொன்ன சீதன வீடு: எழுத்தில் இல்லையென்றால் யாருக்கு?

நீங்கள் கேட்டது இது. கல்லடியில் 20 பேர்ச் வளவும் வீடும் அம்மாவின் பெயரில் இருக்கிறது. கடைசித் தங்கச்சிக்குத்தான் வீடு என்று கலியாணப் பேச்சில் அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னா. எதுவும் எழுதாமல் இறந்துவிட்டா. அப்பா இருக்கிறார், பிள்ளைகள் 3 பேர். வீடு யாருக்கு?

இன்றைக்கு அது முழுதாகத் தங்கச்சியின் வீடு இல்லை. காணி கைமாற, நொத்தாரிசு முன்னால் 2 சாட்சிகளோடு முடித்த உறுதி (சொத்துப் பத்திரம்) வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அப்படித்தான். ஊரே கேட்டிருந்தாலும் வாய்ச்சொல்லுக்குக் காணிப் பதிவகத்தில் இடமில்லை.

"எங்கட வழமையில் தாய் வீடு பெண்ணுக்குத்தானே" என்பார்கள். மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் என்று தாய்வழி உரிமைச் சட்டமே இருந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அது போய்விட்டது. வழமை குடும்பங்களுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது, பங்கைத் தீர்மானிப்பது 1876 சட்டம். (தேசவழமை என்ற வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்தவருக்கும், 1931ஆம் ஆண்டு முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கும் கணக்கு வேறு.)

அந்தச் சட்டப்படி அரைவாசி, அதாவது 10 பேர்ச், அப்பாவுக்கு. மற்ற 10 பேர்ச் மூன்று பிள்ளைகளுக்கும் சமம், ஆளுக்கு மூன்றேகாலுக்குச் சற்றுக் கூட. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. இவை பிரிக்கப்படாத பங்குகள். குசினி உனக்கு, கிணற்றடி எனக்கு என்று யாரும் கோடு போட முடியாது. ஒத்துப்போகாவிட்டால் பிரிவிடல் வழக்குத்தான், அது வருடக்கணக்கில் இழுக்கும்.

இறப்பின் வரிசையும் முக்கியம். அம்மாவுக்கு முன்னரே ஒரு மகன் இறந்திருந்தால் அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு, மனைவிக்கு இல்லை. அம்மாவுக்குப் பிறகு இறந்தால் அந்தப் பங்கில் பாதி மனைவிக்கு. அந்தப் பிள்ளைகள் 18 வயதுக்குக் குறைந்தவர்களாக இருந்தால் மாவட்ட நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர்கள் பங்கை விற்க முடியாது. மரணச் சான்றிதழ்த் திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்காவுக்கு முந்தியே உறுதி முடித்து வயல் சீதனம் கொடுத்திருந்தால், பங்கு பிரிக்கையில் அதையும் கணக்கில் சேர்க்கும்படி மற்றவர்கள் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது.

அம்மாவின் சொல்லைக் காப்பாற்ற வழி இருக்கிறது. மொத்தச் சொத்தின் பெறுமதி சட்டம் குறிக்கும் தொகைக்கு மேலே போனால் முதலில் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குப் போட்டு நிருவாகக் கடிதம் (சொத்தை நிருவகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) எடுக்க வேண்டும். மரணசாதனம், அதாவது உயில், இல்லாவிட்டாலும் வழக்கின் பெயர் அதுதான். மரண, விவாக, பிறப்புச் சான்றிதழ்கள், உறுதி, காணிப் பதிவகப் பிரதி, சொத்துப் பட்டியல் எல்லாம் தேவை. பிறகு அப்பாவும் மற்ற இருவரும் தங்கள் பங்குகளைத் தங்கச்சிக்கு நன்கொடை உறுதியாக முடிக்கலாம். தங்கச்சி அதை ஏற்க வேண்டும், அதே உறுதியில் ஏற்றுக் கையெழுத்து வைப்பதே நல்லது. அப்பா அங்கேயே இருப்பதானால் அவருக்குச் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்து எழுதச் சொல்லுங்கள், விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) முடித்து அனுப்பலாம்.

வேலை அதிகம் தடைப்படுவது பெயரில். உறுதியில் "தங்கம்மா", அடையாள அட்டையில் "தங்கரெத்தினம்" என்று இருக்கும். இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் சான்றும் முதலிலேயே எடுத்து வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். நொத்தாரிசு ஒரு பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார், உறுதி இலக்கமும் திகதியும் தெரிந்தால் அதன் பிரதியை எடுக்கலாம்.

அப்பா இப்போது தன் 10 பேர்ச்சை எழுதாமல் விட்டால் அதுவும் நாளைக்கு மூன்றாகும். நன்கொடைக்கு மனமில்லையென்றால் மரணசாதனமாவது எழுதட்டும்: நொத்தாரிசும் 2 சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் 5 சாட்சிகள். பங்கு பெறுபவரையோ அவர் துணையையோ சாட்சியாக வைக்காதீர்கள், அவருக்கு எழுதியது செல்லாமல் போகும்.

அம்பாறைப் பக்கம் அரசு கொடுத்த பேமிட் (அனுமதிப்பத்திரம்) அல்லது அளிப்புக் காணி, கல்லோயாக் குடியேற்ற வயல் மாதிரி, இருந்தால் மேலே சொன்ன பங்குக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். முதலில் வாழ்க்கைத் துணை, பிறகு பின்னுரித்தாளராக (அடுத்து காணியைப் பெறுபவராக) பெயர் குறித்தவர். அப்பாவின் பெயரில் அப்படிக் காணி இருந்தால், பிரதேச செயலகத்தில் பெயர் குறித்து, அவர் உயிரோடு இருக்கும்போதே பதிவும் முடிந்திருக்க வேண்டும். இந்தக் கிழமையே போய்க் கோப்பைப் பாருங்கள். இறந்த பிறகு வரும் பதிவு செல்லாது.