குடும்பத்தில் புற்றுநோய் இருந்தால் பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுக்கலாமா?

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் எக்ஸ்ரே, ஸ்கேன் பயத்தைப் பற்றியவை. சில குடும்பங்களுக்கு அந்தப் பயத்தில் உண்மையும் இருக்கிறது. அதனால் அவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுக் கோளாறு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. வயது 23. இப்போதே வருடாவருடம் மேமோகிராம் எடுக்கச் சொல்கிறார் சின்னம்மா. எடுக்கட்டுமா டாக்டர்?
வாசகி, செந்தூல்

இப்போது வேண்டாம்மா. மேமோகிராம் என்பது மார்பகத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரேதான். கதிர்வீச்சு டி.என்.ஏ. இழைகளை அறுக்கக்கூடியது. அந்த அறுப்பைச் சரிசெய்ய உதவுவதுதான் பி.ஆர்.சி.ஏ. மரபணு, உங்களுக்கு அதில் ஒரு பிரதி பழுது. இதே கோளாறு உள்ள 1,993 ஐரோப்பியப் பெண்களிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், 30 வயதுக்கு முன் மார்புப் பகுதியில் எக்ஸ்ரே போன்றவை எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. எல்லா ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் கதிரே இல்லாத எம்.ஆர்.ஐ. இருக்கும்போது அதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்தும் போகலாம். 25 வயதிலிருந்து வருடம் ஒரு எம்.ஆர்.ஐ., 30க்குப் பிறகு மேமோகிராமும் சேர்த்து என்பதே பொதுவான நடைமுறை. அப்புறம், சின்னம்மா அம்மாவின் கூடப்பிறந்தவர் என்றால் அவரும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அவருக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

மகனுக்கு 9 வயது. மாடிப்படியில் விழுந்து தலையில் அடி, இரண்டு தடவை வாந்தி. சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். என் அத்தை புற்றுநோயில் இறந்தவர் என்பதால் தயங்கித் தயங்கித்தான் சம்மதித்தேன். தப்பு செய்துவிட்டேனா?
வாசகர், பிறை

இல்லை, சரியாகத்தான் செய்தீர்கள். தலை சி.டி.யில் சுமார் 2 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு) கதிர் சேரும். மண், காற்று, வானத்திலிருந்து நாம் சராசரியாக ஒரு வருடத்தில் வாங்குவதே 2.4. மூளையில் ரத்தக்கசிவு இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைக்கேற்ற குறைந்த அளவில்தான் எடுக்கிறார்களா என்று கேளுங்கள், அது போதும்.

அக்காவுக்கு 27 வயதில் மார்பகப் புற்றுநோய். தம்பி 14 வயதில் எலும்புப் புற்றுநோயில் தவறிவிட்டான். அக்காவுக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கதிர் சிகிச்சை கொடுக்கலாம் என்கிறார்கள்.
வாசகி, ஆயர் ஈத்தாம்

படித்ததும் மனம் பதறியது. நாளைக்கே மருத்துவரைப் பார்த்துத் தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள். இளவயதில் போனவர்களைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதில்லை. மார்பகப் புற்றுநோய் குடும்பத்தில் உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். எலும்பில் வந்தது கணக்கில் வராமலே போய்விடும். இந்த இரண்டும் ஒரே வீட்டில் இளவயதில் வந்தால் லி-ஃப்ராமெனி என்ற பரம்பரைக் கோளாறை நினைக்க வேண்டும். சேதமான செல் பெருகாமல் தடுக்கும் டி.பி.53 மரபணு பழுதாவதால் வருவது அது. அந்த மரபணு பழுதானவர்களுக்குக் கதிர் பட்ட இடத்திலேயே சில வருடங்கள் கழித்துப் புதுப் புற்றுநோய் வரும் அபாயம் அதிகம். அதனால் அறுவைக்கு முன்பே டி.பி.53 பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கோளாறு உறுதியானால் மார்பகத்தை முழுதாக எடுத்துக் கதிரைத் தவிர்ப்பதே பெரும்பாலும் நல்லது. கதிரை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலை வந்தால் மட்டும் மருத்துவர்கள் அதைக் கொடுப்பார்கள், அப்போது மறுக்காதீர்கள். அக்காவுக்கு இருப்பது உறுதியானால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

வைஃபை, கைப்பேசியாலும் இப்படி ஆகுமா?
வாசகர், பட்டர்வொர்த்

ஆகாது. அந்த அலைகளுக்கு டி.என்.ஏ.வை அறுக்கும் சக்தி இல்லை.

பிள்ளைகளுக்கு 18, 20 வயது. என் கணவர் வழியில் நிறைய பேருக்குப் புற்றுநோய். ஒரு தனியார் மையத்தில் முழு உடல் சி.டி. பேக்கேஜ் மலிவாகக் கிடைக்கிறது. எடுத்துவிடலாமா?
வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

தயவுசெய்து வேண்டாம். நோய்க்குறி எதுவும் இல்லாத பிள்ளைக்கு ஒரே தடவையில் 10 மில்லிசீவர்ட்டோ அதற்கு மேலோ எதற்கு? அந்தக் காசை மரபணு ஆலோசனைக்கு வையுங்கள். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் மரபியல் துறை இருக்கிறது. கிளினிக் டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். போகும்போது கணவர் வழியில் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். உங்கள் வழியையும் சேர்த்து எழுதுங்கள்.