சொதிச் சாப்பாடும் தராசு முள்ளும்

கேள்வி: சோறு, இட்லியை நிறுத்திய முதல் வாரமே 3 கிலோ குறைந்தேன். கல்லிடைக்குறிச்சியில் ஒரு மறுவீட்டுச் சொதிச் (தேங்காய்ப்பால் குழம்பு) சாப்பாடு. மறுநாளே ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது. பட்டினி கிடந்ததெல்லாம் வீண்தானா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: வீணில்லை அம்மா. போனதிலும் வந்ததிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். மாவுச்சத்தைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் கிளம்பிவிடுகிறது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலினும் குறையும்; அதனால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும். முதல் வாரம் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருப்பீர்களே, அதுதான்.

1 கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரே பந்தியில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் சொதி அண்டாவையே இலையில் கவிழ்த்திருக்க வேண்டும்! இஞ்சிப் பச்சடியோடு சாப்பிட்டதற்காக வருந்தாதீர்கள்.

தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். ஆனால் ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவர் என்றால், மோருக்கும் முன்னால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். தராசில் வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றோடு ஏறினால் போதும்.