என்ன தின்னே? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பாலக்கோடு பக்கம். தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். உங்கள் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசி போடுகிற சர்க்கரை நோய் என்று ஒரு கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு 13 வயது. போன ஆடியில் மயங்கி விழுந்தாள். டைப் 1 என்றார்கள். பேனா ஊசி, தினம் நாலு முறை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் சர்க்கரை ஒருநாள் 60, ஒருநாள் 300. சொந்தக்காரர்கள் நெல்லிச்சாறு கொடு என்கிறார்கள், சோற்றை நிறுத்திவிட்டுக் களி போடு என்கிறார்கள். நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று என் அம்மா அழுகிறார். போன வாரம் நோட்டில் 140 என்று எழுதி வைத்திருந்தாள். மீட்டரை அழுத்திப் பார்த்தால் 312. என்ன தின்னே என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். கை ஓங்கிவிட்டேன். இப்போது பொய் சொல்லவும் பழகிவிட்டாள். நம்பிக்கையை விடாமல் இருப்பது எப்படி அக்கா? உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் தம்பி மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். "அத்தை, அப்பா வேணும்னே போனை வீட்டில வச்சிட்டுக் கடைக்குப் போறாரு." அவன் கையில் காசு அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அவன் போனுக்கு அனுப்பும். அங்கிருந்து அவள் போனுக்கும் போகும். எண் ஏறினால் பெங்களூரில் மணி அடிக்கும். உடனே கூப்பிட்டு "என்னப்பா சாப்ட்டே?" என்பாள். இவனுக்கு 53 வயது. மகளுக்குப் பயந்து போனை அரிசி டின் மேல் வைத்துவிட்டுப் போகிறான். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் அன்றைக்கு முழுவதும் மனசு சரியில்லை. மாலையில் உங்கள் கடிதம்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண் என்பதால் நம் பக்கம் நெல்லிச்சாறு விற்பவர்களுக்குத் தனித் துணிச்சல் உண்டு. டைப் 1 என்றால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழித்துவிட்டது என்று அர்த்தம். அழிந்த செல்லைச் சாறு எப்படித் தூண்டும்? குடித்தால் குடிக்கட்டும். அதை நம்பி ஊசியில் ஒரு யூனிட் குறைத்தீர்களானால் என்னோடு பேசாதீர்கள். களி நல்ல சாப்பாடுதான், நானும் அதில் வளர்ந்தவள். ஆனால் கேழ்வரகு மாவிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. களிதானே என்று இரண்டு உருண்டை போட்டால் ஊசியும் இரண்டு உருண்டைக்குத்தான் போட வேண்டும். கல்யாணம்? 13 வயதுப் பிள்ளைக்கா? உங்கள் அம்மாவுக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்து உட்கார வையுங்கள்.

இனி அந்த 312.

நீங்கள் கேட்டது நம்பிக்கையைப் பற்றி. எனக்குக் கண்ணில் பட்டது "கை ஓங்கிவிட்டேன்" மட்டும்தான். அதற்கு அடுத்த வரியில் பொய் சொல்லப் பழகிவிட்டாள் என்று புகார் வேறு. அவளாகவா பழகினாள்? இதற்கு முன்னால் எத்தனை தடவை "என்ன தின்னே" என்று கேட்டிருப்பீர்கள், எண்ணிச் சொல்லுங்கள் பார்ப்போம். நீங்கள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். தக்காளி ரேட் இறங்கிய நாளெல்லாம் கணக்கு எழுதுகிறவனை அறைகிற முதலாளியிடம் வேலை பார்த்தால், நீங்களும் நோட்டில் வேறு ரேட்தான் எழுதுவீர்கள்.

எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டீர்கள். இதுவரை நான் எங்கும் எழுதாதது.

1983. காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, எல்லாம் தர்மபுரிதான். தம்பிக்கு 11 வயது, எனக்கு 15. அவனுக்கு நோய் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டிலேயே ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற மீட்டரை நாங்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. சிறுநீரைத்தான் பார்ப்போம். டெஸ்ட் ட்யூபில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் பிடித்துக் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிக்கொண்டே போகும். ரொம்ப இருந்தால் செங்கல் நிறம். பள்ளிக்கூடத்தில் அறிவியலில் நல்ல மார்க் வாங்குகிறவள் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைப்பது அம்மா. மருந்து பாட்டில் ஈர மணலில் பதித்த பானைக்குள் இருக்கும். நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அப்பா.

செங்கல் நிறமாக இருந்தால் அப்பா தம்பியைத்தான் பார்ப்பார். "என்ன தின்னே?"

சில நாள் தின்றுதான் இருப்பான். வெல்லம், கடலை மிட்டாய். பெரும்பாலான நாள் ஒன்றும் இல்லை. மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின், காலையில் ஒரு ஊசி, அதோடு சரி. அந்த ஒரு ஊசியை வைத்து ஒரு பகலையும் ஒரு ராத்திரியையும் ஓட்ட வேண்டும். பையன் பட்டினி கிடந்தாலும் விடியற்காலை ட்யூப் சிவக்கத்தான் செய்யும். போதாததற்கு, ரத்தத்தில் ஏறத்தாழ 180ஐத் தாண்டிய பிறகுதான் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். ட்யூபில் தெரிவது சில மணி நேரத்துக்கு முன்னால் நடந்து முடிந்த கதை. இதெல்லாம் எங்களுக்கு யார் சொன்னார்கள்? நிறம் தெரியும், அடி தெரியும்.

ஒரு விடியற்காலை கொல்லையில் தம்பி காலி ட்யூபோடு நின்றான். "அக்கா, இன்னிக்கு உன்னோடத ஊத்தேன்" என்றான். ஊற்றினேன். நீலம். அப்பா அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. 23 நாள். நீலம், நீலம், நீலம் என்று என் கையெழுத்திலேயே நோட்டை நிரப்பினேன். அப்பா அந்த நோட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் பெருமையாகக் காட்டினார். டாக்டர் நாலு யூனிட் குறைத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் படித்தது என் சிறுநீரை.

மாம்பழ சீசன் அது. கட்டிலுக்கு அடியில் வைக்கோலில் பழம் பழுக்கப் போட்டிருந்தது. தம்பிக்குக் காய்ச்சல் வந்தது, வாந்தியும் சேர்ந்துகொண்டது. "ஒண்ணும் சாப்பிடலியே, ஊசி எதுக்கு" என்று அம்மா ஊசியை நிறுத்தினார். இந்தத் தப்பு இன்றைக்கும் வீட்டுக்கு வீடு நடக்கிறது, அதனால் இரண்டு தடவை சொல்கிறேன். டைப் 1 பிள்ளைக்கு, சாப்பிடாவிட்டாலும் வாந்தி எடுத்தாலும், இன்சுலினை முழுசாக நிறுத்தக் கூடாது. நிறுத்தக் கூடாது. அளவை எப்படி மாற்றுவது என்று டாக்டரைக் கேளுங்கள், உடனே கேளுங்கள். காய்ச்சலில் சர்க்கரை தானாகவே ஏறும். இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், அதில் வருகிற கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து ரத்தம் புளித்துப்போகும். வயிற்று வலி, வாந்தி, ஆழமாக இழுக்கிற மூச்சு, அந்த மூச்சில் ஒரு பழ வாசனை. எங்கள் வீடு முழுக்கப் பழ வாசனை. இதில் எது மாம்பழம், எது தம்பி?

மறுநாள் காலையில் அவன் மூச்சு வாங்கிய விதத்தைப் பார்த்துப் பயந்துபோய், மண்டிக்குப் போகிற மாங்காய் லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் ஒரு வயதான நர்ஸ் அவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்தார். என்ன சாப்பிட்டான் என்று அவர் கேட்கவில்லை. "கடைசி ஊசி எப்ப போட்டீங்க?" என்றார்.

இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தான். அப்பா வராந்தாவில் உட்கார்ந்து அந்த நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார். "நீலமாத்தானே இருந்துச்சு, நீலமாத்தானே இருந்துச்சு" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அப்புறமும் சொல்லவில்லை. அவர் போய் 16 வருடம் ஆகிறது.

அப்பா கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தம்பிக்கு நோய் என்று தெரிந்த அன்று டீயில் சர்க்கரையை விட்டவர், சாகும்வரை வெறும் டீதான் குடித்தார். உங்களைப் போல ஒரு மனிதர்.

இன்சுலின் வருவதற்கு முன்னால் நியூயார்க்கில் ஃபிரெடரிக் ஆலன் என்று ஒரு டாக்டர் இருந்தார். இந்த நோயாளிகளுக்குச் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, ஏறத்தாழப் பட்டினி போட்டு, உயிரைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து வைத்திருந்தார். அன்றைக்கு வேறு வழியும் இல்லை. அவரிடம் 12 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கண் தெரியாது, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே தெம்பு கிடையாது. ஆனால் சிறுநீரில் சர்க்கரை மட்டும் நிற்கவில்லை. இவன் எங்கே போய்த் திருட முடியும் என்று எல்லாருக்கும் திகைப்பு. கடைசியில் பார்த்தால், பற்பசையையும், துணைக்கு என்று அவன் கேட்டு வாங்கி வைத்திருந்த கேனரிக் குருவியின் தீனியையும் தின்றிருக்கிறான். வெகுநாள் மறுத்துவிட்டுப் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று டாக்டர் பதிவு செய்திருக்கிறார். ஒப்புக்கொண்டானாம். பசித்த பிள்ளைக்குப் போலீஸ் ஸ்டேஷன் வார்த்தை. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பாலக்கோட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது.

உங்கள் மகள் எதையும் தின்னாமலே 312 வரலாம். 13 வயதில் உடம்பு வளர்கிற வேகத்தில் சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாது. விடியற்காலையில் தானாக ஏறும். பல பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் ஏறும். சளி பிடித்தால் ஏறும், பரீட்சை என்றால் ஏறும். வெயிலில் பையோடு கிடந்த பேனாவில் மருந்து வீரியம் இழந்திருக்கலாம். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் அங்கே சதை தடித்துவிடும், தடித்த சதையில் போட்ட மருந்து சரியாக உறிஞ்சாது. அவள் அம்மாவை விட்டு இன்றைக்கே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இல்லை, தின்றிருக்கவும் தின்றிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் யாருக்கோ பிறந்தநாள், ஒரு துண்டு கேக். தின்றால் தின்றுவிட்டுப் போகட்டுமே! தின்றேன் என்று வீட்டுக்கு வந்து சொல்ல முடிந்தால், அதற்கு எத்தனை யூனிட் என்று கணக்குப் போடலாம். சொல்ல முடியாத வீட்டில் எதை வைத்துப் போடுவீர்கள்? பொய் எண்ணை நம்பி டாக்டர் அளவை மாற்றினால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன். இன்னொரு பக்கமும் இருக்கிறது. திட்டுக்குப் பயந்து யாருக்கும் தெரியாமல் ஒரு ஊசி கூடுதலாகப் போட்டுக்கொண்டு ராத்திரி 40க்கு இறங்குகிற பிள்ளைகளும் உண்டு. அவள் பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். 70க்குக் கீழே போனால் 15 கிராம், கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். இதை அவள் டீச்சருக்கும் சொல்லி வையுங்கள், வெட்கப்படாமல்.

பேனா என்று எழுதியதால் ஞாபகம் வருகிறது. ஊசி முனை தீர்ந்துபோன நாளில் பேனா மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டுவிடாதீர்கள். பேனாவில் பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட், அந்த சிரிஞ்சு 40 யூனிட் பாட்டிலுக்கானது. கோடு 10 என்று காட்டும், உள்ளே 25 போகும்.

சரி, நம்பிக்கை. 1922 ஜனவரி 11ஆம் தேதி டொரண்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். சரிப்படவில்லை. மருந்து போதிய அளவு சுத்தமாக இல்லை, குத்திய இடத்தில் கட்டி வந்தது. 12 நாளில் மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி மறுபடி போட்டார்கள், சர்க்கரை இறங்கியது. திருத்தியது மருந்தை, பையனை இல்லை. அப்புறம் 1993இல் ஒரு பெரிய ஆய்வு முடிவு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 பேர், சராசரியாக ஆறரை வருடம். நாளுக்கு மூன்று ஊசி அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் இன்சுலின் பம்ப், நாலு தடவை விரலில் குத்திப் பார்த்து அதற்குத் தக்கபடி அளவை மாற்றிக்கொண்டவர்களுக்குக் கண் பாதிப்புத் தொடங்குகிற அபாயம் 76 சதவீதம் குறைந்தது. என் தம்பிக்கு அந்தச் செய்தி பத்து வருடம் பிந்தி வந்தது, ஒரு கண்ணில் லேசர் வைத்தாயிற்று. உங்கள் மகளுக்கு முதல் நாளிலிருந்தே நாலு ஊசி. அதை நீங்கள் எனக்குக் கஷ்டமாக எழுதியிருக்கிறீர்கள். 1983இல் எங்கள் வீட்டில் யாராவது நாலு ஊசி போடலாம் என்று சொல்லியிருந்தால் அப்பா அவர் காலில் விழுந்திருப்பார்.

இதை எழுதும் முன் தம்பியைக் கூப்பிட்டு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அந்த 23 நாளை எழுதட்டுமா என்று கேட்டேன். "உன் மூத்திரம், நீ எழுது. எனக்கென்ன" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பாப்பாகிட்ட சொல்லச் சொல்லு, எனக்கு நேத்து ராத்திரி 287" என்றான். கல்யாண வீட்டுக்குப் போயிருந்தானாம். ஒரு ஜாங்கிரி என்றான்.

இரண்டாக இருக்கும் என்று தோன்றியது. கேட்கவில்லை.

அன்புடன்,
அக்கா