ஈட்டன் பையன்களும் சிவப்பு அடையாள அட்டையும்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்தில் நீங்கள் பிரிட்டிஷ் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் பற்றிப் பேசியதைக் கேட்டேன். நாளைக்கு இருக்கப்போகிறவன் இதே நான்தானா என்பது நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை என்று அவர் வாதிட்டதாகச் சொன்னீர்கள். இங்கிலாந்தின் ஈட்டன் விடுதிப் பள்ளி, அப்புறம் ஆக்ஸ்ஃபர்ட் என்று வளர்ந்தவருக்கு இது சுலபம். என் பெரியம்மா மலேசியாவிலேயே பிறந்தவர், கையில் இருப்பதோ குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. தான் யார் என்று நிரூபிப்பதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. மேட்டுக்குடிப் பள்ளி ஊட்டிவிட்டதைத்தானே நாம் தத்துவம் என்று படிக்கிறோம்?

ம., பட்டர்வொர்த்

அன்புள்ள ம.,

பெரியம்மாவை முன்னால் வைத்துக்கொண்டே பேசுவோம்.

பள்ளிதான் நம்பிக்கைகளை ஊட்டுகிறது என்றால் ஈட்டனிலிருந்து ஒரே மாதிரி தத்துவவாதிகள் வந்திருக்க வேண்டும். இன்னொரு பிரிட்டிஷ் தத்துவவாதி ஏ. ஜே. அயரும் ஈட்டன்தான். அவரும் பார்ஃபிட்டும் ‘கிங்ஸ் ஸ்காலர்’கள், பரீட்சை எழுதி உதவித்தொகையில் இடம் பிடித்தவர்கள். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றி 1440இல் 70 ஏழைப் பையன்களுக்காக ஏற்படுத்திய பள்ளி அது. (ஏழைகள் எங்கே போனார்கள் என்பது தனிக் கதை.) பார்ஃபிட்டின் பெற்றோர் சீனாவின் செங்டுவில் மிஷனரி மருத்துவர்களாக இருந்தவர்கள். அயர் 1936இல், ‘திருடுவது தவறு’ என்பது உண்மையுமில்லை, பொய்யுமில்லை, வெறும் உணர்ச்சி வெளிப்பாடு என்று எழுதினார். பார்ஃபிட்டோ சரி, தவறு என்பவை நம் விருப்புவெறுப்பைச் சாராத உண்மைகள் என்று நிறுவுவதிலேயே தன் பிற்காலத்தைச் செலவழித்தார்.

அதற்காகப் பள்ளி ஒட்டாமல் போகும் என்று சொல்லவில்லை. ஜெர்மன் தத்துவவாதி நீட்சே 1858 முதல் 1864 வரை ஷுல்ப்ஃபோர்ட்டா என்ற லுத்தரன் (புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவ) விடுதிப் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தார். 24 வயதில் சுவிட்சர்லாந்தின் பாசலில் பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை ஆராயும் துறையில் பேராசிரியர். பிறகு கிறிஸ்தவ ஒழுக்கத்தைத் தாக்கியபோது, ‘நல்லது’ என்று முதலில் சொன்னது யார், எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று பழஞ்சொற்களைக் கிளறினார். அந்தப் பள்ளியே சாணை பிடித்துக் கொடுத்த கத்தி அது.

ஈட்டன் கொடுத்தது வேறு என்று எனக்குப் படுகிறது. தான் ஒன்று சொன்னால் எதிராளி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிச்சயம். மீமெய்யியல் (கடவுள், ஆன்மா என்று புலன்களுக்கு எட்டாதவற்றைப் பற்றிய தத்துவம்) அத்தனையும் அர்த்தமற்ற பேச்சு என்று அறிவித்தபோது அயருக்கு வயது 25. தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய்மொழியில் புள்ளி போதாமல் இடைநிலைப் பள்ளிக்கு முன்னால் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார்ந்த பையன் (நானும் உட்கார்ந்தவன்தான்) அந்த வயதில் ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று இழுக்காமல் வாயைத் திறக்க மாட்டான். ஆங்கிலேயருக்கு இது நன்றாகத் தெரியும். மலாயாவை ஆண்டபோது 1905இல் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி ஆரம்பித்து அரச குடும்பத்து, பிரமுகர் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ‘கிழக்கின் ஈட்டன்’ என்ற பெயர் சும்மா வரவில்லை.

பார்ஃபிட்டின் வாழ்க்கையில் பெரும்பகுதி, இளங்கலை மாணவர்களே இல்லாத, ஆக்ஸ்ஃபர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரியில் கழிந்தது. அறை, சாப்பாடு எல்லாம் அங்கேயே. தினமும் அதே மாதிரி வெள்ளைச் சட்டை. அவருடைய புகழ்பெற்ற கற்பனையில் ஓர் இயந்திரம் ஒருவரை அணு அணுவாக நகலெடுத்துச் செவ்வாய் கிரகத்தில் மறுபடி உருவாக்குகிறது. அங்கே போய் இறங்குபவரிடம் குடிநுழைவு அதிகாரி யாரும் பிறப்புப் பத்திரம் கேட்பதில்லை! இந்த இடத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அப்படி ஒரு கேள்வி வரக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றியிருக்காது.

ஆனால் வாதம் அதனால் விழுந்துவிடவில்லை. நினைவும் எண்ணங்களும் சுபாவமும் தொடர்கின்றனவா என்பதுதான் பார்ஃபிட்டுக்கு முக்கியம். பெரியம்மாவுக்கு அவை எதிலும் குறையில்லை, இல்லாதது ஒரு தாள். அரசு அலுவலக முகப்பில் இருக்கும் அதிகாரி அந்தத் தாளை மட்டும் கேட்கிறார். பார்ஃபிட்டை வைத்தே அந்த அதிகாரியை மடக்கலாம். ஈட்டன்காரருக்குத் தோன்றாவிட்டால் போகட்டும், பட்டர்வொர்த்காரர் நீங்கள் எழுதுங்களேன்.

பார்ஃபிட்டின் ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ (1984) கையில் கிடைத்தால் மூன்றாம் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் இரண்டும் கரடுமுரடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.