பறவை ஓவியப் போட்டியில் பரிசு வாங்க எந்தப் பறவையை வரையச் சொல்லலாம்?

பரிசு மட்டும் போதும் என்றால் மயில். தோகை விரித்த மயில், பின்னால் கருமேகம், ஓரத்தில் ஒரு வானவில். பதில் முடிந்தது.

ஆனால் நீங்கள் குன்னூரில் இருப்பதாகவும், பையன் ஐந்தாம் வகுப்பு என்றும், இணையத்தில் படம் எடுத்துப் பழக்கினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மலையில் இருந்துகொண்டு இப்படிக் கேட்டால் என்னால் சும்மா போக முடியவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம். அதற்கு முந்தைய நாட்களில் கடைக்கு வந்து பாருங்கள். "அண்ணா, வாட்ஸப்ல ஒரு மயில் அனுப்பியிருக்கேன், கலர்ல போட்டுக் குடுங்க." அடுத்தவருக்கு மீன்கொத்தி. அதற்கடுத்தவருக்குப் பஞ்சவர்ணக்கிளி, இந்தியக் காட்டிலேயே இல்லாத பறவை. எல்லாருக்கும் கூகுள் முதலில் காட்டும் படம்தான், அதனால் ஒரே மயில் என் மெஷினிலிருந்து திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை ஒரு பையன் அந்தப் படத்தின் குறுக்கே ஓடிய வாட்டர்மார்க் கோட்டையும் பென்சிலால் அழகாக இழுத்து, அதற்குச் சாம்பல் கலரும் அடித்திருந்தான். பார்த்ததை அப்படியே வரைந்தான், அவனைக் குறை சொல்ல முடியுமா? எனக்கு இதில் வியாபாரம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் வீட்டில் அதைச் செய்ய விடவில்லை.

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு போட்டி வந்தது. பல பள்ளிகள் சேர்ந்தது, தலைப்பு 'எங்கள் மலைப் பறவைகள்'. அவள் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேலியில் காட்டு ராஸ்பெர்ரி புதராக மண்டிக் கிடக்கிறது. அதற்குச் சிரிப்பான் என்கிற பறவைக் கூட்டம் ஒன்று வரும். ஒன்று ஆரம்பித்தால் போதும், மற்றதெல்லாம் சேர்ந்து கூச்சல் போட்டு ஆளை எழுப்பிவிடும். பால் குடிக்கிற வயதிலிருந்து அவள் பார்க்கிற பறவை. "அப்பா, அதைத்தான் வரையப் போறேன்" என்றாள்.

அவள் அதை எப்படிப் பார்த்தாள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரஃப் நோட்டில் முதலில் முகத்தை மட்டும் வரைந்தாள். கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், அது கண்ணைத் தாண்டிப் பின்னாலும் நீள்கிறது. அதற்குக் கீழே கண்ணை ஒட்டிக் கருங்கோடு. முதுகு பழுப்பு. நெஞ்சு சாம்பல், அதில் மெல்லிய கீற்றுகள். வயிற்றுக்கு வந்தால்தான் செம்பழுப்பு. இந்தச் சாம்பலுக்காக அவள் பட்ட பாடு இருக்கிறதே! வெள்ளையில் கறுப்பைக் கலந்தால் சிமெண்ட் மாதிரி செத்துப்போய் வருகிறது என்று, ஒரு பொட்டு நீலமும் ஒரு பொட்டு பழுப்பும் சேர்த்தாள். அப்போதுதான் அது இறகு ஆனது. கீற்றுகளைக் கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் இழுத்தாள். இதையெல்லாம் நான் சொல்லித் தரவில்லை, எனக்கு வட்டம்கூட நேராக வராது.

போட்டி அன்று காலை பத்து மணிக்குப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். நடுவர் கீழேயிருந்து வரவேண்டும், வத்தலக்குண்டு சாலையில் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்தால் இந்த ஊரில் ஆம்புலன்ஸே நகராது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவந்தார்கள், நீதிமன்ற உத்தரவு. நல்லதுதான். ஆனால் அந்த இ-பாஸை எடுக்காமல் பாதி வழி வந்துவிட்டு, உறவுக்காரர் மூலம் என் நம்பரைப் பிடித்து, "நீங்களே போட்டு அனுப்பிடுங்க" என்று சாலையில் நின்றுகொண்டு கத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? ஓடிபி அவர்கள் போனுக்கு வரும், அதை என்னிடம் சொல்லமாட்டார்கள், பாஸ் ஏன் வரவில்லை என்று என்னையே திட்டுவார்கள். சரி, அதை விடுங்கள். விட்டால் அதையே எழுதிக்கொண்டிருப்பேன்.

நடுவர் வந்தபோது பிள்ளைகள் மதியச் சாப்பாட்டையே முடித்துவிட்டார்கள். படங்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். அவர் வரிசையாக நடந்துகொண்டே பார்த்தார். என் மகள் படத்தின் அருகே நின்றார், எனக்கு நெஞ்சு படபடத்தது. கீழே அவள் 'சிரிப்பான்' என்று எழுதியிருந்ததைப் படித்தார். போனை எடுத்துத் தேடினார். "நல்லா வரைஞ்சிருக்கம்மா. ஆனா கலர் தப்பு. இதுக்கு நெஞ்சு செம்பழுப்பா இருக்கணும், நீ சாம்பல் அடிச்சிருக்க பாரு" என்று போனைக் காட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

போனில் இருந்தது நீலகிரிச் சிரிப்பான். உங்கள் ஊர்ப் பறவை. அதற்கு நெஞ்சு செம்பழுப்புதான், முகவாய் கறுப்பு. என் மகள் வரைந்தது பழனி மலைச் சிரிப்பான். இரண்டும் வேறு வேறு. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. உயரமான மலைக்காட்டை விட்டு இறங்காத இந்தப் பறவைகளுக்கு அந்தச் சூடான தாழ்நிலத்தைத் தாண்டுவது நடக்காத காரியம். லட்சக்கணக்கான வருஷமாக வடக்கே இருப்பது வடக்கே, தெற்கே இருப்பது தெற்கே. எங்கள் பறவையை 1869இலேயே பிளான்ஃபோர்டு என்பவர் விவரித்து, இந்த மலையில் அதைச் சேகரித்த ஃபேர்பேங்க் என்ற மிஷனரியின் பெயரை அதன் அறிவியல் பெயரில் வைத்துவிட்டார். 2017இல் மரபணுவைப் பார்த்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் சிரிப்பான்களுக்கென்றே மாண்டிசிங்க்ளா என்று தனிப் பேரினமும் பிரித்தார்கள். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எங்கள் வேலியில் இருக்கிறது. அதைப் பார்த்து வரைந்த பிள்ளைக்குக் கலர் தப்பாம்.

நான் போய்ச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். "சார், நீங்க காட்டினது ஊட்டிப் பக்கத்துப் பறவை, இது நம்ம ஊருது." அவர் சிரித்துக்கொண்டே, "இது ஓவியப் போட்டிதானே சார், பறவை ஆராய்ச்சி இல்லையே" என்றார்.

இங்கே சிலர் அதையே என்னிடம் சொல்ல வருவீர்கள் என்று தெரியும். ஓவியத்துக்கு ஓவியம்தான் முக்கியம், நிறம் எப்படி இருந்தால் என்ன என்று. ஒத்துக்கொள்கிறேன். ஒரு பிள்ளை ஊதாக் காக்கை வரைந்தாலும் அழகாக இருந்தால் பரிசு கொடுங்கள், நானே கைதட்டுவேன். ஆனால் அப்படியானால் நெஞ்சு நிறம் தப்பு என்று எதற்காகக் குறைத்தீர்கள்? ஆராய்ச்சி வேண்டாம் என்றால் இரண்டு பக்கமும் வேண்டாம். போனில் ஒரு படத்தைப் பார்த்துத் தப்பு சொல்கிறவர், சன்னலில் பார்த்து வரைந்த பிள்ளை சொல்வதையும் கேட்கத்தானே வேண்டும்? என் பிள்ளைக்குப் பரிசு கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். அதுவும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

முதல் பரிசு எதற்கு என்று கேட்கவே வேண்டாம். மயிலுக்குத்தான். என் மெஷினில் போன மயில்.

முருகன் வாகனத்தைக் குறை சொல்கிறான் என்று கிளம்பிவிடாதீர்கள், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற ஆள் நான். கீழே வத்தலக்குண்டு பக்கம் வயலுக்கு வயல் மயில் நிற்கிறது, எங்கள் ஊருக்குள் நான் ஒன்றையும் பார்த்ததில்லை. தலைப்போ 'எங்கள் மலைப் பறவைகள்'. மயில்தான் வரைவேன் என்று உங்கள் பையன் அடம் பிடித்தால் அதையாவது பார்த்து வரையட்டும். நாம் தோகை என்று சொல்வது வால் இல்லை. வாலுக்கு மேலே வளர்கிற மூடிறகுகள்தான் அப்படி நீள்கின்றன. நிஜ வால் பின்னால் குட்டையாக இருந்து அதைத் தாங்கிப் பிடிக்கிறது. பின்பக்கத்திலிருந்து ஒரு மயிலை வரைந்தால் அதுவே கூட்டத்தில் தனியாகத் தெரியும். யாரும் வரைவதில்லை.

சரி, உங்கள் பையன். குன்னூர் என்றால் கொண்டைக்குருவி வீட்டு வாசலிலேயே இருக்கும், புத்தகத்தில் செம்மீசைச் சின்னான் என்று போட்டிருக்கும். கூரான கறுப்புக் கொண்டை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டு, வெள்ளைக் கன்னம், வாலடியிலும் சிவப்பு. அந்த வாலடிச் சிவப்பைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். சிவப்புப் பொட்டு இல்லாமல் ஒன்று உட்கார்ந்திருந்தால் அது இளசு, வேறு பறவை என்று நினைக்க வேண்டாம். சிம்ஸ் பூங்காவில் புதர் அடியில் பொறுமையாக நின்றால் கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தெரியும். ஆண் பறவைக்குத் தலையும் இறக்கையும் கறுப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. இரண்டே கலர், ஐந்தாம் வகுப்புக் கைக்கு அடங்கும். நீலகிரிச் சிரிப்பானை வரைந்தால் இன்னும் விசேஷம். அந்த நடுவரே வந்தாலும் பரிசு கொடுத்துவிடுவார், அவர் போனிலும் அதுதானே இருக்கிறது.

இணையப் படத்தை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. காலுக்கு அது உதவும். உயிருள்ள பறவை காலைக் காட்டிக்கொண்டு நிற்காது. சின்னான், சிரிப்பான் வகைக்கெல்லாம் முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கிளிக்கும் மரங்கொத்திக்கும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இதைத் தப்பாகப் போட்ட கிளிகள் என் கடை வழியாக எத்தனையோ போயிருக்கின்றன. அப்புறம், பறவைக்கு முட்டி பின்பக்கம் மடங்குவதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். அது முட்டி இல்லை, கணுக்கால். முட்டி மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இதைச் சொன்னால் உங்கள் பையன் அரைமணி நேரம் சிரிப்பான், காலையும் சரியாக வரைவான்.

இன்னொன்று, அக்டோபர் மழையும் மூடுபனியும் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். போஸ்டர் கலர் சீக்கிரம் காயாது, அடித்த கலர் மேலேயே அடுத்ததை அடித்தால் சேறாகிவிடும். போட்டி இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஆயில் பேஸ்டலில் பழக்குவது நல்லது. குளிரில் அது இறுகிப்போய்ப் பொடிப்பொடியாக உதிரும், அதனால் பெட்டியைப் பையில் வைக்காமல் ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணில் வெளிச்சப் புள்ளிக்கு இடத்தை முதலிலேயே வெள்ளையாக விட்டுவிட வேண்டும், பிறகு வராது. படத்தின் கீழே பறவையின் முழுப்பெயர், எங்கே பார்த்தான், எந்த மாதம் பார்த்தான், மூன்றையும் எழுதட்டும். என் மகள் வெறும் 'சிரிப்பான்' என்று எழுதினாள். 'பழனி மலைச் சிரிப்பான், எங்கள் வீட்டு வேலி' என்று எழுதியிருந்தால் நடுவர் தேடிய படமும் சரியாக வந்திருக்குமோ என்னவோ.

நீங்கள் பின்னணியை மட்டும் அடித்துக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பெரியவர் கை பட்டால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும், வானம் மட்டும் அவ்வளவு வழவழப்பாக இருக்கும். பின்னணி வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, நீலகிரியில் பாதி நாள் அப்படித்தானே இருக்கிறது.